சாம்பாரில் பாப்பாவுக்கும் ஒரு பங்கு: வாசகர் கேள்வி – பதில்

மகள் பிறந்து ஏழாவது மாதம் நடக்கிறது. வேலைக்குப் போகிறேன், தனியாகச் சமைக்க நேரமில்லை. எங்கள் சாம்பாரில் இருக்கும் காயைத் தண்ணீரில் அலசி, சாதத்தோடு பிசைந்து கொடுக்கிறேன். சரிதானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அலசினால் மேலே ஒட்டியிருக்கும் காரம் கொஞ்சம் போகும். காய்க்குள் ஊறிய உப்பு போகாது. ஒரு வயது வரை சாப்பாட்டில் உப்பே சேர்க்க வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. பாலிலும் பருப்பிலும் காயிலும் இயல்பாக இருப்பதே அந்த வயதுக்குப் போதும். அதற்காகத் தனிச் சமையல் தேவையில்லை, சமைக்கும் வரிசையை மாற்றினால் போதும்.

நான்கு பேருக்கான முக்கால் டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூள், இரண்டு பல் பூண்டு போட்டுக் குக்கரில் வையுங்கள். அதன் மேலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் 2 டேபிள்ஸ்பூன் அரிசியும் 8 டேபிள்ஸ்பூன் தண்ணீரும் வைத்து மூடிவிடுங்கள். ஐந்து விசிலில் பருப்பும் குழையும், பாப்பாவின் சாதமும் குழையும். நமக்கு வடித்த சாதம் இந்த வயதுக்கு விறைப்பு. எவ்வளவு பிசைந்தாலும் பருக்கை நிற்கும்.

காயில்தான் பலரும் தவறுகிறார்கள். புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதிலேயே காயைப் போடுவது நம் வழக்கம். புளிப்பில் காய் லேசில் குழையாது. நமக்குத் துண்டு உடையாமல் வருவது நல்லதுதான், பல் முளைக்காத வாய்க்கு ஆகாது. பரங்கிக்காய், கேரட், சுரைக்காய் எதுவானாலும் முதலில் வெறும் தண்ணீரில் வேகவிடுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். அந்தப் பதத்தில் பாப்பாவுக்கு நான்கைந்து துண்டு எடுத்துவிட்டு, பிறகு புளி, உப்பு, சாம்பார்ப்பொடி போடுங்கள். முருங்கைக்காய் என்றால் சதையை மட்டும் வழித்து, நாரையும் விதையையும் தள்ளிவிடுங்கள்.

3 டேபிள்ஸ்பூன் சாதம், ஒன்றரை டேபிள்ஸ்பூன் பருப்பு, 1 டேபிள்ஸ்பூன் காய், அரை டீஸ்பூன் நெய், வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை. சூடாக இருக்கும்போதே கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் சாதம் பசைபோல் இழுக்கும், வாயில் ஒட்டும். மசித்ததை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் தண்ணீராய் ஓடக்கூடாது, மெதுவாக வழுக்கி விழ வேண்டும். எட்டு, ஒன்பது மாதத்தில் சிறு கட்டிகளை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். ஒரு வயது வரை கூழாகவே தின்று பழகிய பிள்ளை அதன்பின் இட்லித் துண்டைக்கூடத் துப்பும்.

தாளிப்பு பெரியவர்களுக்கு மட்டும். முழுக் கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

மாமியார் பருப்புத் தண்ணீரும் ரசமும்தான் முதலில் பழக்க வேண்டும் என்கிறார். தெளிவைக் கொடுத்தால் போதுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

சத்து அடியில் தங்கும் மண்டியில்தான் இருக்கிறது. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது கிலோவுக்கு சுமார் 30 மில்லி. 8 கிலோ குழந்தைக்கு 240 மில்லி. அதில் பாதியைத் தெளிவுத் தண்ணீரால் நிரப்பினால் சாதத்துக்கும் இடமில்லை, பாலுக்கும் இடமில்லை. எடை ஏறவில்லை என்று வருபவர்களிடம் விசாரித்தால் பல நேரம் காரணம் இதுதான். மாமியாரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். அதே பருப்பைத் தண்ணீரை வடிக்காமல் மத்தால் கடைந்து கெட்டியாகக் கொடுங்கள். ரசத்துக்குக் கரைத்த தக்காளியில் ஒரு ஸ்பூனை உப்பு போடுமுன் எடுத்துக் கொதிக்கவைத்துப் பருப்பில் சேர்க்கலாம். தக்காளியின் வைட்டமின் சி, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.

ஒன்பது மாதப் பையனுக்கு இட்லி கொடுக்கிறோம். மாவில் உப்பு இருக்கிறதே? விழுங்கும்போது விக்கவும் செய்கிறான்.
– ஒரு வாசகர், ஈரோடு

மாவை ஆட்டி வழித்ததும், உப்புப் போடுமுன் இரண்டு கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். பாதிக் கிண்ணம்தான் இருக்க வேண்டும், பொங்கி வழியும். உப்பில்லாமலும் மாவு பொங்கும், ஆனால் சீக்கிரம் புளிக்கும். ஆகவே பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

விக்குவதற்குக் காரணம் வறட்சி. ஆறிய இட்லி அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே விரல் நீளத்துக்கு வெட்டி, கடைந்த பருப்பிலோ தயிரிலோ ஊறவைத்துக் கையில் கொடுங்கள். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், படுத்தபடி வேண்டாம். முகம் சிவந்து சத்தமாக இருமினால் இருமட்டும், விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தமே வராமல், அழவும் முடியாமல் திணறினால்தான் ஆபத்து. உடனே குப்புற முன்கையில் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வராவிட்டால் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. இதை மாறிமாறிச் செய்துகொண்டே உதவிக்கு 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

சட்னிக்கும் இதே வழி. தேங்காய், பொட்டுக்கடலையை முதலில் அரைத்து ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டு, அப்புறம் மிளகாயும் உப்பும்.

பதினொரு மாதம். மீன்குழம்பு வைக்கும் நாளில் அதிலிருந்து கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

மீன் கொடுக்கலாம், குழம்பு வேண்டாம். வவ்வால்போல நடுமுள் சுலபமாகக் கழலும் மீனில் ஒரு துண்டை மஞ்சள் தடவி இட்லித் தட்டில் 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வைத்தால், சதை இதழ் இதழாகப் பிரியும். ஸ்பூனை நம்பாதீர்கள்; விரல் நுனியால் உதிர்த்து, இன்னொரு முறையும் தடவிப் பாருங்கள். மெல்லிய முள் கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும். சுறாவைப் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள். முதல் தடவை அரை டீஸ்பூன் மட்டும், பகலில். தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சிரைத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

ஒன்றரை வயது மகள் தன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எங்கள் பிரியாணிக்குக் கை நீட்டுகிறாள்.
– ஒரு வாசகி, ஆம்பூர்

மணத்துக்குத்தான் நீட்டுகிறாள். பட்டை, சீரகம், இஞ்சி, பூண்டு, புதினா எதுவும் இந்த வயதுக்கு ஆகாததல்ல. குறைக்க வேண்டியவை மிளகாயும் உப்பும். வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி வதங்கி, மிளகாய்த்தூள் போடப்போகும் கட்டத்தில் இரண்டு டேபிள்ஸ்பூன் மசாலாவை எடுத்து, கிராம்பு ஏலக்காயைப் பொறுக்கிவிடுங்கள். கால் டம்ளர் சீரகச் சம்பா, சுண்டுவிரல் நகமளவுக்கு நறுக்கிய எலும்பில்லாத கோழித்தொடைக்கறி, முக்கால் டம்ளர் தண்ணீர், உப்பு ஒரு சிட்டிகை. கிண்ணத்தோடு குக்கரில் நான்கு விசில். இரண்டு வேளைக்கு வரும். உங்கள் தட்டுக்குப் பக்கத்திலேயே அதே மாதிரித் தட்டில் வையுங்கள். கிண்ணம் வேறாக இருந்தால் சந்தேகப்படுவாள்.

கஞ்சியில் சர்க்கரைக்குப் பதில் தேன் விடலாமா? காய்ச்சினால் சரியாகிவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, தென்காசி

ஒரு வயது முடியும்வரை ஒரு துளியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நோயைத் தரும் நுண்ணுயிரியின் வித்துகள் வீட்டு அடுப்பின் கொதியில் சாகாது. இனிப்பு தேவையென்றால் மசித்த வாழைப்பழம் போதும்.

காலையில் பிசைந்த சாதத்தை ஃபிளாஸ்க்கில் போட்டு, மதியம் கொடுக்கச் சொல்லிப் பாட்டியிடம் விட்டுப்போகிறேன்.
– ஒரு வாசகி, சென்னை

வெதுவெதுப்பாய் நான்கு மணி நேரம் கிடக்கும் சாதத்தில் கிருமி நன்றாகப் பெருகும். சாதம், பருப்பு, காய் மூன்றையும் பிசையாமல் தனித்தனி டப்பாவில், சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாட்டி ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சுடவைத்து, ஆறவிட்டுப் பிசையட்டும். வாயில் வைத்த ஸ்பூன் பட்ட மிச்சத்தை மறுவேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. கடைந்த பருப்பை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கட்டி சுமார் ஒரு டேபிள்ஸ்பூன் வரும். ஞாயிற்றுக்கிழமை செய்தால் வியாழன்வரை ஓடும்.