புளியோதரை கசப்பதும் தயிர்சாதம் புளிப்பதும்

கேள்வி: சித்திரை முதல் சனிக்கிழமை தோழிகள் ஆறு பேர் செஞ்சிக் கோட்டைக்குப் போகிறோம். ஆளுக்கொரு சாதம் கட்டி எடுத்து வருவதாகப் பேச்சு. என் பங்கு புளியோதரை. போன தடவை கசந்தது, மதியத்துக்குள் விறைத்தும் போனது. எங்கே தப்பு? (வாசகி, விழுப்புரம்)

பதில்: மற்றவர்களும் சாதம் கொண்டுவருவதால் உங்களுக்கு 3 டம்ளர் பச்சரிசி, அதாவது அரை கிலோ போதும். இதற்குப் புளி 100 கிராம், நல்லெண்ணெய் 150 மி.லி. எண்ணெயில் கை இறுகினால் புளிக்காய்ச்சல் கெட்டுப்போகும். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கசப்பு பெரும்பாலும் வெந்தயத்தால் வருவது. அரை டீஸ்பூன் தாண்டக் கூடாது. பொன்னிறமாகி வாசம் வந்ததும் வாணலியிலிருந்து தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே விட்டால் வாணலிச் சூட்டிலேயே சிவந்து கசந்துவிடும். தனியா 2 டேபிள்ஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு டேபிள்ஸ்பூன், எள் ஒரு டேபிள்ஸ்பூன், மிளகாய் வற்றல் நான்கு, எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்துப் பொடியுங்கள். எள் பொரியும்போதே வெந்தயத்தையும் போட்டு வறுத்தால் இரண்டில் ஒன்று கருகியே தீரும்.

புளியை இரண்டரை டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். 100 மி.லி. எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மிளகாய் வற்றல் பத்து, பெருங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள் தாளித்துக் கரைசலை ஊற்றி, இரண்டரை டீஸ்பூன் உப்புப் போட்டுச் சிறுதீயில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தொக்குப் பதத்துக்குச் சுருண்டு எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். அடிப்பிடித்தால் அதுவும் கசப்புதான். சிறு துண்டு வெல்லம் புளிப்பின் முரட்டுத்தனத்தைத் தணிக்கும், கருகிய கசப்பை மறைக்காது. இதை முந்தின நாளே செய்துவைத்துவிடலாம், ருசி கூடும்.

இனி விறைப்பு. பழைய அரிசியை ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்துக் குக்கரில் வேகவையுங்கள். வெந்ததை அகலத் தாம்பாளத்தில் கொட்டி, மீதி 50 மி.லி. எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றிப் பரப்புங்கள். கை பொறுக்கும் சூட்டில் புளிக்காய்ச்சலையும் பொடியையும் சேர்த்துக் கிளற வேண்டும். நன்றாக ஆறிய பிறகு கிளறினால் சோறு அதற்குள் இறுகியிருக்கும். எண்ணெயும் புளியும் மேலே ஒட்டி நிற்குமே தவிர உள்ளே இறங்காது. புளிக்காய்ச்சலில் கால் பங்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு புளியை இழுத்துவிடும், அப்போது ருசி பார்த்துச் சேர்க்கலாம்.

ஆவி முழுக்க அடங்கிய பிறகே, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் தண்ணீர் சோற்றில் சொட்டும். கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும்.

செஞ்சி என்பதால் ஒன்று: அங்கே குரங்குகள் அதிகம். கையில் பை தொங்கினால் பறித்துவிடும். சாப்பாட்டை இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு முதுகுப் பைக்குள் வையுங்கள். கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியை வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிட்டு, கீழே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதே உத்தமம்.

கேள்வி: காலை 6 மணிக்குக் கட்டும் தயிர்சாதம் மதியம் 1 மணிக்குப் புளிக்காமல் இருக்க என்ன வழி? (வாசகர், சேலம்)

பதில்: பாலில் பிசைந்து போகிற வழியிலேயே உறையவிடுவதுதான் வழி. ஒரு டம்ளர் அரிசிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர், புளிக்காத தயிர் ஒரு டேபிள்ஸ்பூன், கொஞ்சம் வெண்ணெய். விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடு இருந்தால் உறை செத்துப் பால் பாலாகவே நிற்கும். சித்திரை வெயிலில் தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன் ஆனால் பதினொரு மணிக்கே புளிக்கத் தொடங்கும்.

கட்டும்போது பாயசம்போலத் தளர்வாக இருந்தால்தான் மதியம் சரியான பதம் வரும். இஞ்சியைப் பச்சையாகப் போடாதீர்கள், பால் திரியும். தாளிப்பில் வதக்கிச் சேருங்கள். வெள்ளரி, திராட்சை எல்லாம் சாப்பிடும் நேரத்துக்குத்தான்.

கேள்வி: தேங்காய் சாதமும் கொண்டுபோகலாமா? (வாசகி, கரூர்)

பதில்: மதியத்துக்கு வேண்டாம். வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குள் காலைப் பலகாரமாக முடிப்பதானால் சரி. சோறு வெந்தாலும் சாகாத கிருமி விதைகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பில் அவை பெருகி உமிழும் நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. புளியோதரையில் புளிப்பு அதைத் தடுத்து நிறுத்துகிறது, தேங்காய் சாதத்தில் தடுக்க ஒன்றுமில்லை. துணைக்குத் தொட்டுக்கொள்ளவும் சட்னி வேண்டாம். பருப்புத் துவையலைத் தண்ணீர் விடாமல் அரைத்துக் கட்டுங்கள்.

கேள்வி: ஏப்ரல் 14 வருஷப்பிறப்புக்கு வைக்கும் மாங்காய்ப் பச்சடியில் மாங்காய் எவ்வளவு கொதித்தாலும் வேகவே மாட்டேன் என்கிறது. வேப்பம்பூவும் ஊறிச் சொதசொதவென்றாகிறது. (வாசகி, மதுரை)

பதில்: வெல்லத்தை முதலிலேயே போட்டிருப்பீர்கள். இனிப்பு ஏறிவிட்டால் துண்டு இறுகி நின்றுவிடும். மாங்காயை அது மூழ்கும் அளவு தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்போடு வேகவைத்து, கரண்டியால் அழுத்தினால் நசுங்குகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே கரைத்து வடிகட்டிய வெல்லம். கால் கிலோ மாங்காய்க்குக் கால் கிலோ வெல்லம். பழமாகத் திரும்பிய காயானால் 50 கிராம் குறைத்துக்கொள்ளலாம். வடிகட்டாவிட்டால் பல்லில் மண் நறநறக்கும்.

வேப்பம்பூ ஒரு டீஸ்பூன். காம்பு நீக்கி நிழலில் உலர்த்திய பூவை நெய்யில் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, பச்சடியை இலையில் பரிமாறும்போது மேலே தூவுங்கள். முன்கூட்டிக் கலந்தால் கசப்பு முழுப் பச்சடியிலும் இறங்கிவிடும், பிறகு குழந்தைகள் தொடமாட்டார்கள்.