கேளுங்கள், சொல்கிறோம்: எந்த நட்கிராக்கரை வாங்குவது?

சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாசகி: ஐயா, என் மகள் பாலே படிக்கிறாள். டிசம்பர் வந்தால் வீட்டில் நட்கிராக்கர் பாலே இசைதான். போனில் தேடினால் ஒரே இசைக்கு ஏகப்பட்ட பதிவுகள் வருகின்றன, எனக்கு எல்லாம் ஒன்று போலவே கேட்கிறது. கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரியும், அவ்வளவுதான். நல்ல பதிவு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கர்நாடக சங்கீதம் தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது அம்மா, ஏனென்றால் இதில் முதலில் பார்க்க வேண்டியது காலப்பிரமாணம்தான். இது ஆடுவதற்காக எழுதிய இசை. எந்த இடத்தில் எத்தனை பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி), என்ன வேகம் என்று நடன ஆசிரியர் மரியஸ் பெட்டிபா எழுதிக் கொடுக்க, அதை வைத்துக்கொண்டுதான் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இசை எழுத உட்கார்ந்தார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள், இந்த வேகத்தில் கால் தரைக்கு வந்து சேருமா என்று அவளே சொல்லிவிடுவாள்.

அப்புறம், எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளை வைத்து எடை போடாதீர்கள். அவற்றை எந்தக் குழுவும் சொதப்பாது. நான் நேராகப் போவது முதல் அங்கத்தில் நள்ளிரவில் கிறிஸ்துமஸ் மரம் வளர்கிற இடத்துக்கு. அங்கே பெரிய மெட்டு என்று எதுவும் கிடையாது, ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவுதான். அவசரப்படும் கண்டக்டர் (இசைக்குழுவை நடத்துபவர்) பாதி மரத்துக்கே முழுச் சத்தத்தையும் செலவழித்துவிடுவார், ஆலாபனையில் எடுத்த எடுப்பிலேயே தாரஸ்தாயி ஷட்ஜத்தைப் பிடித்துவிட்ட பாடகர் மாதிரி, அதற்கு மேல் போக இடமே இருக்காது. நல்ல கண்டக்டர் கையில் மிச்சம் வைத்திருப்பார். உச்சத்தில் பித்தளை வாத்தியங்கள் எழும்பும்போது உங்களுக்கு மேல் சிலிர்க்கவில்லை என்றால் அந்தப் பதிவை விட்டுவிடலாம்.

கொஞ்சம் தள்ளிப் பனித்துகள்களின் வால்ட்ஸ் நடனம் வரும், அதில் வார்த்தையே இல்லாமல் ஒரு சேர்ந்திசை. குரல்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னாலிருந்து, தூரத்திலிருந்து வர வேண்டும். மைக்கை வாயில் வைத்துப் பாடியது போல முன்னால் வந்து நின்றால் பனி போய்விடும். (டர்பன் டிசம்பர் புழுக்கத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நாம் பனியைப் பற்றிப் பேசுகிறோம், சரி.)

சர்க்கரைத் தேவதை ஆட்டத்தையும் விடக் கூடாது. மணி மாதிரி கிணுகிணுக்கிறதே, அதுதான் செலஸ்டா, 1886இல் பாரிஸில் முஸ்டெல் பட்டறையில் பிறந்த வாத்தியம். 1891இல் அதைக் கேட்டு மயங்கிய சாய்கோவ்ஸ்கி, சக இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாஸுனோவும் முந்திக்கொள்வார்கள் என்று பயந்து, யாருக்கும் காட்டாமல் வரவழைக்கும்படி தன் பதிப்பாளருக்கு எழுதினார். அதன் இயல்பான குரல் சின்னது. ஆர்கெஸ்ட்ராவை விட அது பெரிதாகக் கேட்டால் ஒலிப்பதிவுக்காரர் விளையாடியிருக்கிறார் என்று அர்த்தம். செலஸ்டா ஒரு வரி சொல்லி நிறுத்தும்போது அடியிலிருந்து பாஸ் கிளாரினெட் சறுக்கி இறங்கும் பாருங்கள், அந்தக் குறும்பு காதில் விழுகிறதா என்பதுதான் என் சோதனை.

பெயர் சொல்லியே தீர வேண்டும் என்றால் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபௌ இசைக்குழுவுடன் அன்டல் டொராட்டி 1975இல் செய்தது. மனிதர் 1930களில் பாலே குழுவுக்கே கண்டக்டராக இருந்தவர், ஆடுபவர் எங்கே மூச்சு விடுவார் என்று தெரிந்தவர், இந்த முழு பாலேயை மூன்று முறை பதிவு செய்தவர். வலேரி கெர்கீவ் 1998இல் கிரோவ் இசைக்குழுவுடன் செய்த பதிவு, 1892இல் இது அரங்கேறிய அதே மாரின்ஸ்கி அரங்கத்தின் குழு என்பதால் பலரும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். பரபரப்பாகத்தான் இருக்கும், கிட்டத்தட்ட 80 நிமிடத்தில் ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும், ஆனால் சில இடங்களில் அந்த ஓட்டத்துக்கு உங்கள் மகளால் ஆட முடியாது. கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் பீனிக்ஸ் மாணவர்: நான் வாங்கிய நட்கிராக்கர் இருபத்துச் சொச்சம் நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை தம்பி. உங்களிடம் இருப்பது சூட். பாலே மேடையேறும் முன்பே, 1892 மார்ச்சில், சாய்கோவ்ஸ்கியே எட்டுத் துண்டுகளை எடுத்துக் கச்சேரிக்காகத் தொகுத்தது. ஆனால் மேலே சொன்ன மரமும் இல்லை, பனியும் இல்லை. இரண்டாம் அங்கத்தில் இறங்குவரிசை ஸ்வரங்களை மட்டுமே வைத்து மனுஷன் அழவைக்கிற இருவர் நடனமும் இல்லை. அதற்காகவாவது முழுசாக வாங்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: புது ஸ்பீக்கரில் போட்டால் ஆரம்பமே சப்பென்று இருக்கிறது. பாஸை ஏற்றினால் பிறகு ஜன்னல் அதிர்கிறது. பதிவில் கோளாறா?

பதிவிலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. முதலில் வரும் குட்டி ஓவர்ச்சரில் (தொடக்க இசையில்) சாய்கோவ்ஸ்கி அடிநாதம் தரும் செல்லோவையும் டபுள் பாஸையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டார், பொம்மை உலகம் மாதிரி ஒலிக்கட்டும் என்று. இல்லாத பாஸை நீங்கள் நம்ம ஊர் டாக்ஸிக்காரர்கள் வண்டியில் அதிரவிடுகிற கணக்கில் ஏற்றினால், திரை விலகி அடிநாதம் சேர்ந்ததும் வீடு ஆடத்தான் செய்யும். பாஸ் பட்டனை நடுவில் விட்டுவிட்டு, மரம் வளர்ந்து முடிகிற உச்சத்தை முதலில் போட்டு, அண்டை வீட்டார் சண்டைக்கு வராத அளவுக்குச் சத்தத்தை வைத்துக்கொண்டு, பிறகு ஆரம்பத்துக்குப் போங்கள். அதற்கு அப்புறம் வரும் எலிச் சண்டையில் காவல் பொம்மை ஒரு வேட்டு போடும். அதற்கும் ஸ்பீக்கரைத் திட்ட வேண்டாம்.