யார் கொடுத்த காசு?

வணக்கம். காசிமேட்டில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன், துறைமுகத்தில் மீன் ஏற்றுகிறவர். ஞாயிறு மாலை பைபிள் மீது யார் என்ன கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்வார். அவருக்கு மாதாமாதம் வெளிநாட்டுப் பணம் வருகிறது என்று பேச்சு. போன வாரம் எல்லார் முன்னாலும், "எவ்ளோண்ணே வாங்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். எழுந்து போய்விட்டார். காசு வாங்கிக்கொண்டு மதத்துக்காக வாதாடுகிறவரை எப்படி நம்புவது?

ஒரு வாசகர், காசிமேடு

அன்புள்ள தம்பி,

இரண்டு நாளாகப் பெரியபுராணத்தில் திருவீழிமிழலைப் பகுதியில்தான் இருக்கிறேன். ஊரில் பஞ்சம். அடியார்களுக்குச் சோறு போட, சிவன் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் நாள்தோறும் படிக்காசு வைக்கிறார். அப்பர் காசு கடைத்தெருவில் அப்படியே செல்கிறது. சம்பந்தர் காசுக்கு வாசி, அதாவது மாற்றுக் குறைவென்று கழிவு, பிடிக்கிறார்கள். அவர் மடத்தில் உலை ஏற நேரமாகிறது. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று அந்தப் பிள்ளை பாடுகிறது. அப்பர் கோயிலில் புல் செதுக்கும் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர், அதனால் அவர் காசில் குறையில்லை என்கிறார் சேக்கிழார். வாங்கியதை இருவருமே ஒளிக்கவில்லை. நல்ல காசாகக் கொடு என்றுதான் சம்பந்தர் கேட்கிறார். மதுரையில் சமணரோடு வாதுக்கு நின்றவரும் இதே சம்பந்தர்தான். படிக்காசு வாங்கிய கை என்று அந்த வாதத்தைத் தள்ளிவிடுவீர்களா?

வெளிநாட்டுப் பணத்துக்குச் சட்டம் இருக்கிறது, வாங்கும் அமைப்பு கணக்குக் காட்டியாக வேண்டும். அதை விடுங்கள்.

எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் கிருத்திகைதோறும் புராணம் சொன்ன ஒரு பெரியவர் இருந்தார். பகலில் தங்கசாலைத் தெருவில் ஒரு அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்திருந்த தெரு அது. (அந்த நாவலர்தான் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர், 1848-இல் மிஷன் பள்ளியை விட்டுவிட்டுச் சைவத்துக்காக மிஷனரிகளோடு மல்லுக்கட்டியவரும் அவரே. அவரை எந்தக் காசில் சேர்ப்பீர்கள்?) பெரியவர் கதை சொல்ல வரும் நாளில் அச்சகத்தில் அரை நாள் கூலி பிடிப்பார்கள். விபூதி பூசிய விரலிலும் நகக்கண்ணில் மை இருக்கும். கதை முடிந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், ஒரு கவர். கவரைப் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொள்வார். பின்வரிசையில் ஒருவர், "கூலிக்கு மாரடிக்கிறார்" என்றார், அவர் காதுபட. அடுத்த கிருத்திகைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் தெருக்காரர் படிக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. நற்செய்தி சொல்கிறவன் அதனால் பிழைக்கலாம் என்று எழுதிய பவுல், கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். அந்த ஊராரிடம் காசு வாங்கவில்லை. அதையும் குறை சொன்னார்கள். இலவசமாகச் சொன்னதால் குற்றம் செய்தேனா என்று அவரே அவர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. வாங்கினால் கூலிக்காரன், வாங்காவிட்டால் அதற்கும் ஒரு சந்தேகம். அந்த மனிதர் எங்கே போவார்?

கோபமாகவே கேட்கிறேன். அந்த அண்ணன் சொன்ன பதில் ஒன்றையாவது கடிதத்தில் எழுதினீர்களா? அது சரியா தப்பா என்று ஒரு வரி? பதில் சொல்லத் தெரியாத இடத்தில்தான் நாம் பாக்கெட்டைப் பார்க்கிறோம். வாங்கிக்கொண்டே வாங்கவில்லை என்று சாதித்தால் அது பொய், அதைக் கண்டியுங்கள். அவர் பொய் சொன்னதாக நீங்களே எழுதவில்லையே.

விடியற்காலையில் மீன் ஏற்றிவிட்டு வந்து உட்காருகிற மனிதரை நாலு பேர் முன்னால் எழுந்து போக வைத்திருக்கிறீர்கள். இந்த ஞாயிறே போய் அவரைக் கூப்பிடுங்கள், அதே நாலு பேர் முன்னால். உட்கார வைத்து, பைபிளில் உங்களுக்கு ஒப்பாத இடம் எதுவோ அதைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் ஓட்டை இருந்தால் எனக்கு எழுதுங்கள். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.