குழாயில் தண்ணீர் வராத நாளில் கை கழுவுவது எப்படி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து வெருலத்தில் இருக்கிறோம். ஆடி மாதம் எங்கள் கோயிலில் கூழ் ஊற்றுவோம். குழாயில் பாதி நாள் தண்ணீர் கிடையாது. போன வருஷம் ஒரு பெரிய பேசினில் தண்ணீர் வைத்து, எல்லாரும் அதில் கையை அலம்பிக்கொண்டு சாப்பிட்டோம். மறுநாள் பல பிள்ளைகளுக்கு வாந்தி. இந்த முறை ஒருவர் ஐந்து லிட்டர் சானிடைசர் கேன் மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பேசினையும் உள்ளேயே வைத்துவிடுங்கள். முதல் ஆள் கழுவிய அழுக்கில்தான் இருபதாவது ஆள் கையை முக்குகிறார். வாந்திக்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது நடக்க ஏற்ற வழி.

தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் ஓட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலில், அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். மூடியை இறுக்கினால் தண்ணீர் நிற்கும். தளர்த்தினால் மெல்லிசாக வரும். மூடியைத் திருக ஒரு பையனை நிறுத்துங்கள், வருகிறவர்கள் அதைத் தொட வேண்டாம். கையை நனைத்ததும் மூடியை இறுக்கிவிட்டு, சோப்புப் போட்டு இருபது நொடி தேய்க்க வேண்டும். எல்லாரும் உள்ளங்கையைத்தான் தேய்க்கிறார்கள். கட்டைவிரல், விரல் நுனி, நக இடுக்கு, அங்கேதான் மிச்சம் இருக்கும். பிறகு மூடியைத் தளர்த்தி அலசுங்கள். ஒரே துண்டில் ஊரே துடைப்பதற்கு, உதறிக் காயவிடுவது மேல்.

ஜோஜோ டாங்கியில் (வீட்டுப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) பிடித்த மழைத் தண்ணீர் இதற்குப் போதும், சோப்பு இருந்தால். காய்ச்சிய தண்ணீரைக் குடிக்க வையுங்கள்.

இனி கேன் விஷயம். பக்கியில் (சின்ன பிக்கப் வண்டி) கேன் அடுக்கிக்கொண்டு கோயில் கோயிலாக வருகிறவர்களை எனக்குத் தெரியும். லேபிள் இருக்காது, இருந்தாலும் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று இருக்காது. அறுபதுக்குக் குறைந்தால் அதை நம்ப முடியாது. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பதும் ஏமாற்று: விஷமான மெத்தனாலுக்கும் அதே மாதிரி வாடைதான். கூழ் கொதிக்கும் அடுப்புப் பக்கத்தில் வைத்தால் குப்பென்று பற்றும். ‘ஆண்டிபாக்டீரியல்’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் சோப்பும் வேண்டாம். அப்படி விற்ற சோப்புகளில் ட்ரைக்ளோசான் உள்பட 19 மருந்துகளை 2016-ல் அமெரிக்காவே தடை செய்தது. சாதாரண சோப்பைவிட மேல் என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை.

நல்ல சானிடைசரே என்றாலும் ஒரு இடத்தில் கைவிட்டுவிடும், போன வருஷம் உங்களுக்கு வந்ததும் அந்த மாதிரிப் பிரச்சினைதான். வாந்தி, பேதியைக் கூட்டமாகப் பரப்பும் நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்காது. அதைக் கையிலிருந்து தேய்த்துக் கழற்றி, தண்ணீரோடு கீழே போக விட வேண்டும். எண்ணெயும் மாவும் ஒட்டிய கையில் வேறு எந்தக் கிருமிக்கும் சானிடைசர் சரியாக எட்டாது. கூழ் கிளறுகிற கை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? இதில் இன்னொன்று: வாந்தியோ பேதியோ வந்தவர், நின்று இரண்டு முழு நாள் ஆகும்வரை சமையல் பக்கம் வரக்கூடாது, எத்தனை தடவை கை கழுவினாலும். நேர்த்திக்கடன் என்பார்கள். பூக்கட்டும் வேலையைக் கொடுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்து ஊர் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. ‘கை கழுவுங்கள்’ என்று போஸ்டர் அடிக்கக் காசு இருக்கிறது, குழாய்க்கு இல்லை. பில் மட்டும் மாதம் தவறுவதில்லை.

கேனுக்கு ஒதுக்கிய பணத்தில் பச்சை சன்லைட் பார் சோப்பு வாங்குங்கள். துண்டு போட்டு, வெங்காய வலைப்பையில் கட்டி ஒவ்வொரு பாட்டில் பக்கத்திலும் தொங்கவிடுங்கள். மண்ணில் விழாது, தூக்கிக்கொண்டும் போக மாட்டார்கள்.