பழைய ஆபீசுக்குள் பரிசோதனைக் கூடம்

கேள்வி: அப்பா காலத்து மெட்ராஸ் டெரஸ் (தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை) ஆபீஸ் கட்டடம் இருக்கிறது. பாதியை மண், தண்ணீர் பரிசோதனைக் கூடமாக்கலாமா, இடித்துக் கட்டணுமா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இடிக்காதீர்கள். அந்தச் செங்கல்லும் சுண்ணாம்பும் சுட எரித்த விறகு என்றோ செலவாகிவிட்டது, புது சிமென்ட் என்றால் மறுபடி எரிபொருள் எரிக்கணும். உயரமான கூரையில் காற்றுக்குழாய்கள் தாராளமாகப் போகும். ரசாயனப் புகையை இழுக்கும் பெட்டியின் வாயில் நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் காற்றுவேகம் வேண்டும், அந்தக் காற்றை ஏசி மாதிரி திரும்ப அறைக்குள் விடவே கூடாது, கூரைக்கு மேலே ஏற்றிவிடுங்கள், அதுவும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நம்மூரில் ஜன்னல் பக்கம் திரும்பாதபடி.

தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் உடனே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கனமான கருவிகள் தரைத்தளத்தில்தான். அப்புறம், தண்ணீர், வடிகால், மின்சாரம் எல்லாம் ஒரே சுவரோடு போகட்டும், மேசைகளுக்குச் சக்கரம் வையுங்கள், பிற்பாடு ஆபீஸ் பக்கத்தை விரிக்கச் சுலபமாக இருக்கும்.