பினாங்குப் பாலத்தின் தீவு முனை – கடிதம்

வணக்கம் ஐயா,

நகரம் கட்டும் கணினி விளையாட்டான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பதிப்பில் பினாங்குப் பாலம் தீவில் வந்து இறங்கும் சந்திப்பைக் கட்டியிருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்து, ஒவ்வொரு வளைவையும் அதன் மேலேயே வரைந்தேன். பார்க்க அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் நகரம் ஓடத் தொடங்கியதும் தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கம் போகிற வண்டிகள் எல்லாம் இடது லேனில் மட்டும் பாலத்தின் பாதி தூரத்துக்கு வரிசை பிடித்து நிற்கின்றன. மற்ற இரண்டு லேனும் காலி. மேம்பாலம் ஏறுகிற ராம்ப்களும் (இணைப்புச் சாலைகளும்) சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கின்றன. எங்கே தவறு? இதைச் சரிசெய்த பிறகு கோலாலம்பூர் பக்கம் எதைக் கட்டிப் பார்க்கலாம்? படம் இணைத்திருக்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகர்

வணக்கம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைவுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெரிசல் வருவது லேன் கணக்கினால்.

இந்த விளையாட்டில் ஒரு வண்டி கிளம்பும்போதே அதன் வழி முழுவதும் முடிவாகிவிடும். எந்தச் சாலை என்பது மட்டுமல்ல, ஒவ்வொரு செக்மென்டிலும் (சாலைத் துண்டிலும்) எந்த லேன் என்பதுகூட அப்போதே முடிவாகிவிடுகிறது. முன்னால் ஐம்பது வண்டி நிற்கிறது என்பதற்காக அது மனம் மாறாது. நிஜப் பாலத்தில் இடது லேன் நிறைந்துவிட்டால் நம் ஆட்கள் நடு லேனில் கடைசி வரை வந்து மூக்கை நுழைப்பார்கள். விளையாட்டு வண்டிக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

நீங்கள் மூன்று லேன் நெடுஞ்சாலையில் ஒரு லேன் ராம்பை ஒட்டியிருக்கிறீர்கள். பிரிந்த பிறகும் நேர்ச்சாலை மூன்று லேனாகவே தொடர்கிறது. அப்படி ஒட்டினால் விளையாட்டு இடது லேனுக்கு ‘நேர்’, ‘இடது’ என்று இரண்டு அம்புக்குறியையும் போட்டுவிடும். தெற்கே போகிற அத்தனை வண்டிக்கும் அந்த ஒரு லேன்தான் வாசல். நேரே போகிற சில வண்டிகளும் அதே லேனில் நுழைந்து அதை இன்னும் அடைக்கும்.

பிரிவதற்கு முன்னால் உள்ள லேன்களும் பிரிந்த பின் உள்ள லேன்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று என்றால் ஒன்றும் இரண்டுமாகப் பிரியுங்கள். உங்கள் நகரத்தில் பாதிக்கு மேல் தெற்கே போகிறது என்பதால் அது போதாது. பிரிவுக்கு நாலைந்து செக்மென்ட் முன்பிருந்தே சாலையை நான்கு லேனாக்கி, இரண்டும் இரண்டுமாகப் பிரிப்பது நல்லது. நான்கு லேன், இரண்டு லேன் நெடுஞ்சாலைத் துண்டுகள் மாஸ் டிரான்சிட் விரிவாக்கத்தில் வருகின்றன. பிறகு டிராஃபிக் மேனேஜர் என்ற மோடில் (விளையாட்டோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரலில்) லேன் இணைப்பானைத் திறந்து, பிரிகிற நோடில் (செக்மென்ட்கள் சேரும் புள்ளியில்) இடப்பக்கத்து இரண்டு லேனையும் ராம்புக்கும், வலப்பக்கத்து இரண்டையும் நேர்ச்சாலைக்கும் ஒன்றுக்கு ஒன்றாகக் கோடிழுங்கள். குறுக்குக் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அந்த இரண்டு லேன் ராம்ப் லிம் சொங் யூ விரைவுச்சாலையில் சேரும் இடத்திலும் இதே கணக்குதான். அங்கே மூன்று லேனோடு இரண்டு லேன் சேர்ந்தால் ஐந்தாகும். அத்தனை அகலத்தில் நெடுஞ்சாலை கிடையாது. அதனால் சேரும் இடத்துக்கு முன்னாலுள்ள வெளியேறும் ராம்ப், விரைவுச்சாலையின் ஒரு லேனைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகட்டும். மூன்று இரண்டாகும், பாலத்து ராம்பின் இரண்டோடு சேர்ந்து நான்காகும். அடுத்த வெளியேறும் ராம்ப் ஒன்றை எடுத்துக்கொண்டால் மறுபடி மூன்று. இந்தச் சமன்பாடு பொருந்தாத இடத்தில் எந்த மோடும் கைகொடுக்காது.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் உங்கள் படத்தில் தெரிகிறது. முதல் பிரிவுக்கும் இரண்டாவது பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு செக்மென்ட்தான் இருக்கிறது. வண்டிகள் ஒரு செக்மென்டுக்குள் ஒரே லேனில்தான் ஓடும். லேன் மாறுவது நோடைக் கடக்கும்போது. ஆகவே இரண்டு பிரிவுகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்பதைவிட எத்தனை நோட் என்பதுதான் முக்கியம். குறைந்தது நான்கு செக்மென்டாவது விடுங்கள். இடம் போதாவிட்டால் முதல் பிரிவை 150 அல்லது 200 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, கடல் மேலேயே பிரித்துவிடுங்கள். அளவு பிசகுகிறதே என்று தயங்க வேண்டாம். மேலிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது, ஆனால் பாலத்தின் மறுமுனையான பிறை வரை நிற்கிற வரிசை எல்லாருக்கும் தெரியும்.

ராம்ப் செங்குத்தாவதற்குக் காரணம் எளிது. சாலைக் கருவி ஒரு சொடுக்கில் ஏற்றுகிற உயரப் படி 12 மீட்டரிலேயே இருக்கிறது. நிஜத்தில் மேம்பாலத்தின் அடியில் லாரி போக ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி இருந்தால் போதும். படியை 3 மீட்டருக்குக் குறைத்து, மூன்று படி ஏற்றி 9 மீட்டரில் கடந்து செல்லுங்கள். நூற்றுக்கு ஐந்து என்ற சாய்வில் 12 மீட்டர் ஏற 240 மீட்டர் நீளம் வேண்டும். 9 மீட்டருக்கு 180 போதும். செயற்கைக்கோள் படத்தில் இருக்கிற ராம்ப் நீளத்துக்குள் இரண்டாவது அடங்கும், முதலாவது அடங்காது. ஏறி முடித்தபின் மூவ் இட் மோடில் ராம்பின் நோட்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, சாய்வுச் சமன் கருவியில் கீழ் முனையையும் மேல் முனையையும் சொடுக்கினால் நடுவிலுள்ள மேடு பள்ளம் போய்விடும். மேல் சாலையின் தூண் கீழ்ச் சாலையின் நடுவில் வந்து நின்றால் தூணோடு மல்லுக்கட்டாதீர்கள். தூண் முளைப்பது பெரும்பாலும் நோடில்தான். மேல் சாலையின் நோடைச் சில மீட்டர் நகர்த்தினால் தூணும் கூடவே நகரும்.

கரையோர நிலம் கடலுக்குள் வழுக்கிச் சரிவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தில் பார்த்தேன். விரைவுச்சாலை ஓடுவது கடலைத் தூர்த்த நிலத்தின் மேல். அந்தக் கரை நேர்கோடாக, செங்குத்தாக நிற்க வேண்டும். விளையாட்டு நிலத்தின் உயரத்தைப் படிக்கிற நிலமட்டப் படமோ 17.28 கிலோமீட்டர் பக்கத்துக்கு 1081 புள்ளிதான். ஒரு புள்ளிக்கு 16 மீட்டர். அதில் தடுப்புச் சுவரின் கூர்மை வராது. கரையோரம் கப்பல்துறைச் சுவர் போட்டு மறைப்பதே வழி.

அளவு பற்றி ஒரு வார்த்தை. முதல் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், கடல் மேல் மட்டும் 8.4. மோட் இல்லாமல் ஐந்துக்கு ஐந்து கட்டப் பரப்புக்குள் ஒன்பது கட்டம்தான் திறக்கலாம். அந்தப் பரப்பின் பக்கம் 9.6 கிலோமீட்டர் என்பதால், ஐந்து கட்டத்தை ஒரே வரிசையில் திறந்தால் கடல் பகுதி முழு அளவில் அடங்கிவிடும். 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். மோட் வைத்து வரைபடத்தின் 81 கட்டத்தையும் திறந்தால்கூடப் பக்கவாட்டில் அடங்காது. மூலைக்கு மூலை அளந்தால் 24.4 வருகிறது! யாராவது முயன்று பார்க்கட்டும்.

சோதித்துப் பார்க்கும் முறையையும் மாற்றுங்கள். அடைபட்டு நிற்கிற வண்டிகளை விளையாட்டு தானாகவே மறையச் செய்துவிடும். டிராஃபிக் மேனேஜரில் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் உண்மை நிலவரம் தெரியும். காலை நெரிசல், மாலை நெரிசல் என்று இதில் இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை நீங்கள் போடுகிற மண்டலங்களே முடிவு செய்யும். பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து தொழிற்பேட்டை இருக்கிறது. தெற்கே தொழிற்சாலை மண்டலத்தையும், பிறைப் பக்கம் குடியிருப்பையும் வையுங்கள். இரண்டு முனைகளையும் வரைபடத்துக்கு வெளியே போகும் சாலைகளோடு இணைத்தால்தான் லாரிகள் வரும். டோல் சாவடி பிறைப் பக்கத்தில், தீவை நோக்கி வருகிற திசையில் மட்டும். திரும்பிப் போகிற திசையில் போட்டுவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள் தடத்துக்கு விளையாட்டில் சாலை வகை கிடையாது. மிதிவண்டிப் பாதையை ஒட்டிப் போட்டு ஒப்பேற்றலாம், அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் நேராக ஜாலான் டூத்தா சந்திப்பில் கைவைக்க வேண்டாம். அங்கே விரைவுச்சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. முதலில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வெளியேறும் சந்திப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெரும்பாலானவை டிரம்பெட் வகை, அதாவது ஒரு பக்கம் வளையத்தோடு எக்காளம் போலத் தெரியும் சந்திப்பு. காரணம் டோல் முறை: தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பதால், நுழைகிற வண்டியும் வெளியேறுகிற வண்டியும் ஒரே சாவடி வழியாகப் போக வேண்டும். நான்கு ராம்ப்களையும் ஒரே தண்டில் கொண்டுவந்து சேர்க்க டிரம்பெட்டைவிடச் சிக்கனமான வடிவம் இல்லை. நகரத்துக்குள் சாவடி நெடுஞ்சாலையின் குறுக்கே நிற்கிறது, அதனால் அங்கே இந்த வடிவத்துக்குத் தேவை குறைவு.

இணையத்தில் கிடைக்கும் டிரம்பெட் மாதிரிப் படங்களில் பெரும்பாலானவை வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுடையவை. அடியில் விரிப்பதற்கு முன் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் வளையம் தப்பான பக்கத்தில் விழும். புது ஆட்டம் தொடங்கும் பக்கத்திலேயே இடப்பக்கப் போக்குவரத்தையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். சாவடிக்கும் டிரம்பெட்டின் முதல் பிரிவுக்கும் நடுவே ஐந்து செக்மென்டாவது விடுங்கள். சாவடியை விட்டு வெளியே வருகிற வண்டிகள் வடக்கு, தெற்கு என்று லேன் பிரிந்துகொள்வது அந்த இடத்தில்தான்.