யூனிட்டியில் நாணயம் எடுத்தால் சத்தம் வரவில்லை: எங்கே பார்ப்பது?

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், ஒலி எழுப்பும் பாகமான ஆடியோ சோர்ஸை நாணயத்தின் மேலேயே வைத்திருக்கிறீர்கள். எர்ரர் இல்லை, நாணயம் மறைகிறது, ஸ்கோர் ஏறுகிறது, ஒலி மட்டும் இல்லை என்கிறீர்கள். கோடில் கை வைக்கும் முன் கேம் விண்டோவின் மேலே உள்ள மியூட் பட்டனைப் பாருங்கள். தெரியாமல் அது அழுந்தியிருப்பது ரொம்ப சகஜம்.

அடுத்து ஆடியோ லிசனர், அதாவது கேமின் ஒலிகளைக் கேட்கும் "காது". புது சீனில் (கேமின் ஒரு காட்சியில்) அது மெயின் கேமராவிலேயே இருக்கும். அந்தக் கேமராவை அழித்துவிட்டு வேறு கேமரா வைத்திருந்தால் லிசனரும் போயிருக்கும். எச்சரிக்கைகள் வரும் கன்சோல் விண்டோவில் இதைச் சொல்லி ஒரு வரி வரும், பலர் கவனிப்பதில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் டெஸ்ட்ராய் (ஆப்ஜெக்டை அழிக்கும் கட்டளை) மேல்தான். ஆடியோ சோர்ஸ் நாணயத்தின் மேலேயே இருக்கிறது. பிளே சொன்ன கையோடு நாணயத்தை டெஸ்ட்ராய் செய்தால், அந்த ஃபிரேம் முடிவதற்குள் சோர்ஸும் சேர்ந்து அழிந்துவிடும். ஒலி எங்கிருந்து வரும்? அதற்குப் பதில் பிளேகிளிப்அட்பாயின்ட் பயன்படுத்துங்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் ஒலிக்க அது தற்காலிகமாக ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, ஒலி முடிந்ததும் அந்த ஆப்ஜெக்டை அதுவே அழித்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஒலி 3டி, அதாவது லிசனரிலிருந்து தள்ளிப் போகப் போகக் குறையும். உங்களுடையது 2டி கேம் என்றால் கேமரா இயல்பாக இசட் அச்சில் -10-இல் நிற்கும். பத்து யூனிட் தள்ளி ஒலிப்பதால் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். நாணயத்தின் இடத்தைக் கொடுக்காமல் கேமராவின் இடத்தைக் கொடுங்கள். அல்லது பிளேயரிடம் ஒரு ஆடியோ சோர்ஸ் வைத்து, ஸ்பேஷியல் பிளெண்டை 0 ஆக்கி (தூரம் ஒலியைப் பாதிக்காது), ஒலியை ஒருமுறை ஒலிக்க வைக்கும் பிளேஒன்ஷாட் அழையுங்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

எடிட்டரில் கேட்டு, வெப் பில்டில் (பிரவுசரில் ஓடும் வடிவத்தில்) மட்டும் கேட்கவில்லையா? பிரவுசர்கள் முதல் கிளிக் விழும்வரை ஒலியை விடாது. தொடக்கத்தில் ஒரு ஸ்டார்ட் பட்டன் வையுங்கள்.